சிங்கத் தலையும் தேள் வாலும் போதாது: கலப்பு மான்ஸ்டர் உருவாக்க ஓர் அறிமுகம்

முதன்முதலில் கேம் மாஸ்டராக உட்கார்ந்தபோது, சொந்தமாக ஒரு மான்ஸ்டரைத் தயார் செய்து எடுத்துப்போயிருந்தேன். சிங்கத் தலை, கழுகுச் சிறகு, தேள் வால், பிடரி மயிருக்குப் பதில் பாம்புகள். வாயைத் திறந்தால் நெருப்பு வேறு. இரண்டு ராத்திரி கண்விழித்துப் படமெல்லாம் வரைந்திருந்தேன். படத்தைக் காட்டியதும் ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் "ஓ!" என்றார்கள். அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "இது இந்தக் குகைக்குள்ள இருந்துக்கிட்டு என்ன சாப்பிடுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "ஏதாவது... ஆடு கீடு" என்று இழுத்தேன். "அவ்ளோ பெரிய சிறகை வெச்சுக்கிட்டு இந்தச் சந்துக்குள்ள எப்படி நுழைஞ்சுது?" அதற்கும் பதில் இல்லை. சரி, சண்டை தொடங்கியது. அவர்கள் வெட்டினார்கள், அது கடித்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி கடித்தது. நான்காவது சுற்றில் செத்துப்போனது. தேள் வாலைப் பயன்படுத்தவே நான் மறந்துவிட்டேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு சாகசக் கதையை நடத்துவதுதான் டேபிள்டாப் ரோல்பிளே. அதில் ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், ஊர்க்காரர்கள், எதிரிகள் எல்லாம் அவர் பொறுப்பு. வெட்டு விழுமா, கதவு உடையுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடி. கீழே வரும் எண்கள் அதன் 2014 பதிப்புக் கணக்கு. வேறு விளையாட்டு ஆடுகிறவர்கள் எண்ணை விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டவைப்பது வேறு, ஒட்டுக்கட்டுவது வேறு

இரண்டு மிருகங்களைச் சேர்ப்பது பழைய வித்தை. கிரேக்கர்களின் கிமேராவுக்கு முன்னால் சிங்கம், நடுவில் வெள்ளாடு, பின்னால் பாம்பு. கிரிஃபின் பாதி கழுகு, பாதி சிங்கம். நம் சிற்பிகள் யாளிக்குச் சிங்க உடம்பைக் கொடுத்து, சில இடங்களில் யானைத் துதிக்கையும் வைத்தார்கள். ஆக, எந்த ஜோடியை நீங்கள் எடுத்தாலும் யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஜோடியில் புதுமை தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டும் ஏன் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் உங்கள் சொந்தச் சரக்கு.

செடிக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு செடிகளின் தண்டைச் சீவி, வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருந்த வைத்துக் கட்டுவார்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சாறு ஓடத் தொடங்கினால்தான் ஒட்டு பிடித்ததாகக் கணக்கு. சேரவில்லை என்றால் மேலே கட்டிய கிளை சும்மா காய்ந்து நிற்கும். என் முதல் மான்ஸ்டரில் அப்படிக் காய்ந்த கிளைகள் நான்கைந்து இருந்தன. படத்தில் பார்க்க அழகு, உயிர் இல்லை.

நிஜ உலகத்தில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிளாட்டிபஸ். 1799இல் அதன் பதப்படுத்திய உடலைப் பார்த்து விவரித்த ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளருக்கே, யாரோ வாத்து அலகை நாலுகால் பிராணியின் தலையில் வைத்துத் தைத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் நியாயம்தான். அலகு, அடர்ந்த ரோமம், தட்டையான வால், முட்டை, போதாததற்கு ஆணின் பின்னங்காலில் விஷ முள். பட்டியலாகப் படித்தால் என்னுடைய சிங்கத்தேளைவிட மோசம். ஆனால் அது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கும். சின்னச் சின்னப் பூச்சிகளும் இறால்களும் அசையும்போது அவற்றின் தசையில் பிறக்கும் துளி மின்சாரத்தை அந்த அலகு உணர்ந்துகொள்ளும். இது தெரிந்தபின் அலகு ஒட்டவைத்த மாதிரித் தெரிவதில்லை. அலகு இல்லாவிட்டால் அந்தப் பிராணி பட்டினி கிடக்கும் என்று புரிந்துவிடுகிறது.

மான்ஸ்டர் செய்யும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த உறுப்பை எடுத்துவிட்டால் இது பட்டினி கிடக்குமா? கிடக்காது என்றால் அந்த உறுப்பு வேண்டாம். என் சிங்கத்தேளின் பாம்புப் பிடரியை எடுத்தால் ஒன்றும் ஆகாது. எடுத்துவிடலாம். இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மிருகங்கள்தான் மிஞ்சும். மூன்றாவதற்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

வினைச்சொல்லில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் தோற்றத்தில் தொடங்குகிறார்கள்: கொம்பு நன்றாக இருக்கும், சிறகு நன்றாக இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது ஒரு தாளில் மிருகத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் அது என்ன செய்யும் என்று வினைச்சொற்களாக மட்டும் எழுதுகிறேன். தவளை: ஒட்டும், தாவும், ஊதும். முதலை: மிதக்கும், கவ்வும், உருளும். எறும்பு: சுமக்கும், தொடரும், மோப்பம் பிடிக்கும். இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக ஒரு வினை அகப்பட்டால் அங்கேதான் ஒட்டுக்கட்ட வேண்டும்.

எனக்கு அப்படி அகப்பட்டது கொக்கும் சிலந்தியும். பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு. ஆனால் இரண்டின் தொழிலும் ஒன்று: காத்திருப்பது. உறுமீன் வரும்வரை ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. வலையின் ஓரத்தில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்கும் சிலந்தி. இந்த ஒரு வினையைப் பிடித்துக்கொண்டதும் மற்றதெல்லாம் கடகடவென்று வந்தது.

எட்டுக் கால்கள். ஒவ்வொன்றும் பதினைந்து அடி உயரம், நாணல் தண்டு போல ஒல்லி, அதே பச்சைப்பழுப்பு நிறம். சதுப்பு நிலத்தில் நாணல் புதருக்கு நடுவே நிற்கும். உடம்பு மேலே, மூடுபனிக்குள். கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது எட்டு நாணல் தண்டுகள் மட்டும்தான்.

எப்படி உணரும்? வலை பின்னும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை அவ்வளவு போதாது. காலில் இருக்கும் நுண்ணிய முடிகளும் பிளவு உறுப்புகளும் அதிர்வைப் பிடித்துக்கொடுக்கும். ஆகவே என் மான்ஸ்டர் தண்ணீரின் அலையைக் கால்களால் கேட்கும். எப்படிக் கொல்லும்? கொக்கின் கழுத்து எஸ் வடிவத்தில் மடிந்திருக்கும். கழுத்தின் ஆறாவது எலும்பு அதற்கென்றே அமைந்தது. வில்லை விட்டது போல அலகு பாய்வது அந்த மடிப்பால்தான். ஆகவே சாவு மேலிருந்து வரும், ஒரே குத்தாக.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொக்குகளைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசை விடவில்லை. கொக்குக் குடும்பத்தில் பச்சை நிறச் சிறு கொக்கு ஒன்று, பூச்சியையோ இறகையோ தண்ணீரில் போட்டு மீனை வரவழைத்துப் பிடிக்கும். அதாவது தூண்டில் போடும் பறவை! இதை விட முடியுமா? என் மான்ஸ்டரும் தூண்டில் போடும். மனிதர்கள் எதைப் பார்த்தால் குனிவார்கள் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு அகப்பட்டவரின் வெள்ளிக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நிற்கும்.

அப்புறம் பலவீனம். இதைத் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்யத் தேவையே இருக்கவில்லை. சிலந்தியின் காலில் சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் அவை நீளும். செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கம் சுருண்டு கிடப்பது அதனால்தான். அப்படியென்றால் என் மான்ஸ்டரின் காலில் ஓர் ஓட்டை விழுந்தால்? திரவம் பீய்ச்சும், கால் மடியும். மூன்று கால் மடிந்தால் பதினைந்து அடி உயரத்தில் இருந்த உடம்பு வாள் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்து வரும்போது ஒட்டு பிடித்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

சேர்க்கும் இரண்டும் மிருகமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆமையும் கிணறும்: பாலைவனத்தில் பாதி புதைந்து கிடக்கும் ஓட்டின் குழியில் தெளிந்த தண்ணீர். வௌவாலும் மணியும்: கைவிடப்பட்ட கோபுரத்தில் மணி இல்லை, ஆனால் இரவில் மணி அடிக்கிறது. இவற்றை நான் இன்னும் முடிக்கவில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் முதலில் 'நாணற்காலி' என்று வைத்தேன். "என்னது, நாற்காலியா?" என்று ஒரு நண்பர் சிரித்ததோடு அந்தப் பயங்கரம் முடிந்தது. அப்புறம்தான் தோன்றியது: பெயர் வைப்பது நான் இல்லை, அந்தச் சதுப்பில் படகு விடுகிறவர்கள். அவர்கள் பார்த்தது என்னவோ அதைத்தான் சொல்வார்கள். எட்டுநாணல். பெயரிலேயே துப்பு இருக்கிறது. கேட்டவுடன் புரியவும் புரியாது.

எண்களைக் கடன் வாங்குங்கள்

எண் என்றதும் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். தேவையில்லை. ஆர்மர் கிளாஸ் என்பது அடி விழ எட்ட வேண்டிய எண். அடிப்பவர் இருபது முகப் பகடையை உருட்டி, தன் போனஸைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். ஹிட் பாயின்ட் என்பது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு. சேலஞ்ச் ரேட்டிங் 3 என்றால், மூன்றாம் லெவலில் இருக்கும் நான்கு பேருக்குச் சரியான போட்டி என்று பொருள். தொடங்க இது போதும்.

ஏற்கெனவே இருக்கும் மான்ஸ்டர் ஒன்றின் எண்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் சுலபமான வழி. நான் எடுத்தது அவுல்பேர், அதாவது ஆந்தைக்கரடி. அதற்கு ஒரு வேடிக்கையான பிறப்புக் கதை உண்டு. கைகாக்ஸ் மலிவாக வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை மூட்டையில், எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத சில உருவங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பிறந்தவைதான் அவுல்பேரும் ரஸ்ட் மான்ஸ்டரும். இதில் ரஸ்ட் மான்ஸ்டர் எனக்கு ஒரு பாடம். அதற்கு ரத்தம் வேண்டாம், இரும்புதான் வேண்டும். உணர்கொம்பால் தொட்டால் கவசம் துருப்பிடித்துப் போகும். உயிருக்கு அஞ்சாத வீரன்கூட ஆசை ஆசையாகச் சேர்த்த கவசத்துக்காகத் தலைதெறிக்க ஓடுவான். ஆட்டக்காரர்கள் எதை இழக்கப் பயப்படுகிறார்கள் என்று யோசித்துவிட்டால் பல்லும் நகமும் அவ்வளவு முக்கியமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2014 பதிப்பில் அவுல்பேரின் சேலஞ்ச் ரேட்டிங் 3, ஆர்மர் கிளாஸ் 13, ஹிட் பாயின்ட் 59, அடிக்கும் போனஸ் 7. ஒரு சுற்றில் அலகும் நகமும் சேர்ந்து சராசரியாக 24 சேதம். எட்டுநாணலுக்கு உடம்பு 35 ஹிட் பாயின்ட், கால் ஒவ்வொன்றும் 10. மூன்று காலை முறித்துவிட்டு உடம்பை அடித்தால் 65. அவுல்பேருக்குக் கொஞ்சம் மேலே. கால் ஒல்லி என்பதால் அதன் ஆர்மர் கிளாஸை 15 ஆக்கினேன். அலகுக் குத்துக்குப் பத்து முகப் பகடை இரண்டும் கூட 5ம், சராசரி 16. இது ஒரு சுற்றுக்கு ஒருமுறை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரே நான்கு பேர். ஒரு சுற்றில் அவர்களுக்கு நான்கு வாய்ப்பு, தனியாக நிற்கும் மான்ஸ்டருக்கு ஒன்றே ஒன்று. என் சிங்கத்தேள் செத்தது பாதி இதனால்தான். ஹிட் பாயின்ட்டை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. சண்டை நீளுமே தவிரச் சுவை கூடாது. அடுத்தவர் முறையிலும் மான்ஸ்டர் ஏதாவது செய்ய வேண்டும். எட்டுநாணலுக்கு நான் கொடுத்தது ஒரு ரியாக்‌ஷன்: தண்ணீரில் யாராவது தன் வேகத்தில் பாதிக்கு மேல் நகர்ந்தால், அதன் கால் ஒன்று அவரைக் குத்தும். எட்டு முகப் பகடையோடு 5, சராசரி 9. இரண்டையும் கூட்டினால் 25. அவுல்பேரின் 24க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எண் சரியாக அமைந்ததைவிட, அந்த விதி அதன் இயல்பிலிருந்தே வந்ததில்தான் எனக்குத் திருப்தி. வேகமாக நடந்தால் அலை. அலை எழுந்தால் குத்து.

மேசையில் சொல்லும்போது

இவ்வளவு உழைத்துவிட்டு, "பாதி கொக்கு, பாதி சிலந்தி மாதிரி ஒண்ணு வருது" என்று சொன்னால் எல்லாம் வீண். அந்த இரண்டு மிருகங்களின் பெயரை நீங்கள் உச்சரிக்கவே கூடாது. அது ஆட்டக்காரர்களின் வாயிலிருந்து வரட்டும்.

துப்புகளை முன்னாடியே தூவிவிடுங்கள். ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள், ஏனென்றால் இரண்டைக் கட்டாயம் தவறவிடுவார்கள். நான் வைத்தவை: படகுக்காரக் கிழவர், "எட்டு நாணல் நிக்கிற பக்கம் துடுப்பு போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். வழியில் ஒரு மானின் மண்டையோடு, உச்சியில் ஒரே ஒரு துளை. அப்புறம் அந்த இடம் வந்ததும் நான் சொன்னது:

"காத்து வீசுது. நாணல் எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிமிருது. இருபதடி முன்னால தண்ணியில ஒரு வெள்ளிக் கிண்ணம் மிதக்குது. அதைச் சுத்தி நிக்கிற சில நாணல் மட்டும் அசையல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீரனாக ஆடியவர் வழக்கம்போல, "நான் போய்க் கிண்ணத்தை எடுக்கறேன்" என்றார். முதல் ஆட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டவள், இந்தத் தடவை திருடியாக ஆடிக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கண்ணே. அசையாத நாணல் எத்தனை இருக்கு?"

"எண்ணுறியா?"

"எண்ணுறேன்."

"எட்டு."

அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து அவள் செய்ததும் நான் எதிர்பார்க்காதது: ஒரு கல்லை எடுத்துத் தூரமாகத் தண்ணீரில் எறிந்தாள். கல் விழுந்த இடத்தில் மேலிருந்து அலகு பாய்ந்தது. அவ்வளவுதான், மொத்த மேசைக்கும் விதி புரிந்துவிட்டது. நான் ஒரு வரிகூட விளக்கவில்லை. மந்திரவாதி கல்லெறியும் வேலையை எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்து காலை வெட்டினார்கள். வீரன் மட்டும் பொறுமை இழந்து ஓடிப்போய் இரண்டு குத்து வாங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. காலுக்கு 10 ஹிட் பாயின்ட் போதவில்லை. இரண்டே சுற்றில் மூன்று காலையும் முறித்துவிட்டார்கள், உடம்பு சீக்கிரம் இறங்கிவிட்டது. இப்போது 15 வைத்திருக்கிறேன். முதல் குத்து எச்சரிக்கை இல்லாமல் ஆள்மேலேயே விழாதபடியும் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் லெவலில் மெலிந்த மந்திரவாதிக்கு அலகுக் குத்து ஒன்றே ஏறக்குறைய கணக்கை முடித்துவிடும்.

எல்லாம் ஓய்ந்தபின் திருடி மறுபடி ஆரம்பித்தாள். "இது கொக்கு மாதிரி முழுசா விழுங்குமா, சிலந்தி மாதிரி கரைச்சு உறிஞ்சுமா?" இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை இழுக்கவில்லை. கிண்ணத்தைத் தூண்டிலாக வைத்திருந்ததே, அது எங்கிருந்து கிடைத்திருக்கும்? "விழுங்கும்," என்றேன். "செரிக்காததை உருண்டையாக் கக்கிடும். அது நிக்கிற இடத்துக்கு அடியில, சேத்துல கிடக்கும்." கொக்குகள் நிஜமாகவே அப்படிக் கக்குகிறவைதான். நான்கு பேரும் சேற்றில் இறங்கித் துழாவினார்கள். மூன்றாவது உருண்டைக்குள் ஒரு சாவி இருந்தது. எந்தப் பூட்டுக்கு என்று அப்போது எனக்கே தெரியாது. அடுத்த மூன்று ஆட்டங்கள் அந்தச் சாவிக்குப் பின்னாலேயே போயின.